பழைய பெட்ரோல் காருக்கு மின்மோட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என்னிடம் பழைய மாருதி ஜென் இருக்கிறது, எஞ்சின் போய்விட்டது. வீட்டிலேயே மோட்டார் பூட்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா?

ப: பிடித்தால் அபராதத்தோடு போகலாம். விபத்து நடந்தால்தான் பெரிய சிக்கல். இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்சியைத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் முறையான வழி உண்டு. மின்வண்டியாக மாற்றுவதற்கான ஏஐஎஸ்-123 தரப்படி சோதித்து, ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற வாகனச் சோதனை அமைப்புகளின் ஒப்புதல் பெற்ற மின்மோட்டார் கிட்டை, அதற்கு அங்கீகாரம் உள்ள பட்டறையில் பூட்டி, ஆர்டிஓ அலுவலகத்தில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும். அந்த ஒப்புதல் உங்கள் மாடலுக்கும் பொருந்துமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். நீங்களே பூட்டிய வண்டியைத் தோப்புக்குள் ஓட்டிக் கற்றுக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு வேண்டாம்.

கே: 100 கி.மீ. ஓட எவ்வளவு பேட்டரி வேண்டும்? லெட்-ஆசிட் மலிவாகக் கிடைக்கிறதே?

ப: சின்ன கார், நிதானமான வேகம் என்றால் 100 கி.மீ.க்கு 10 முதல் 13 யூனிட் பிடிக்கும். பேட்டரியை அடிவரை காலி செய்யக்கூடாது என்பதால் 15 யூனிட் வையுங்கள். 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் 48 வேண்டும். செல் ஒன்று ஏறத்தாழ 2 கிலோ. இதே 15 யூனிட்டை லெட்-ஆசிட்டில் கட்டினால் 400 கிலோவைத் தாண்டும். அதை ஏற்றினால் ஆள் உட்கார இடமும் இருக்காது, பின் ஸ்பிரிங்கும் தாங்காது. அப்புறம், பேட்டரிப் பெட்டி உட்காரப்போகும் தரைத்தகட்டை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொத்துக்கொண்டு போனால் அந்த வண்டியே வேண்டாம்.

கே: கியர்பாக்ஸைக் கழற்றிவிடலாமா?

ப: இருக்கட்டும். பெரும்பாலும் ஒரே கியரில் ஓட்டலாம், மேட்டுக்கு மட்டும் குறைத்தால் போதும். மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பிளேட்டை நல்ல லேத்தில் கொடுங்கள். சென்டர் கொஞ்சம் விலகினாலும் பேரிங் தாங்காது.

கே: மோட்டார் பூட்டிவிட்டோம், வண்டி ஓடுகிறது. பிரேக் மட்டும் கல் மாதிரி இருக்கிறதே?

ப: பலர் கோட்டைவிடும் இடம் இது. நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தந்தது பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக். சாதாரணப் பெட்ரோல் காரில் எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள், பெடல் அப்படியே இறுகிவிடும். உங்கள் வண்டியில் எப்போதும் அதே நிலைதான். 12 வோல்ட் வேக்குவம் பம்ப், சின்ன டேங்க், வெற்றிடம் குறைந்தால் பம்பை ஓட்டும் சுவிட்ச், இவ்வளவும் வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். எஞ்சினோடு 12 வோல்ட் தந்த ஆல்டர்னேட்டரும் போய்விட்டதால், ஹெட்லைட்டுக்கும் இந்தப் பம்புக்கும், பெரிய பேட்டரியின் வோல்டேஜை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது.

கே: பேட்டரி லைனுக்கு வீட்டு எம்சிபி (தானாக அணையும் சுவிட்ச்) போதாதா?

ப: போதாது. வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வருவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணையும். பேட்டரி தரும் டிசி மின்சாரம் அப்படி வராது. சுவிட்ச் திறந்த பிறகும் பொறி நின்று எரியும். டிசிக்கென்றே செய்த ஃபியூஸும் கான்டாக்டரும் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) வாங்குங்கள், அவை தாங்கும் வோல்டேஜ் உங்கள் பேட்டரியின் முழுச் சார்ஜ் வோல்டேஜைவிட அதிகமாக இருக்கட்டும். 48 செல் முழுச் சார்ஜில் 170 வோல்ட்டைத் தாண்டும். ஆளைக் கொல்ல அது போதும்.

கே: வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏறுமா?

ப: 15 ஆம்ப் பிளக்கில் தாராளமாக ஏறும், காலியிலிருந்து ஐந்தாறு மணி நேரம். எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.