யாரும் அவுட் ஆகாத விளையாட்டுகள்

வணக்கம் டீச்சர். இரண்டாம் வகுப்பில் 35 பிள்ளைகள், சின்ன முற்றம், அவுட் ஆனவர்கள் ஓரமாக உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். யாரையும் வெளியேற்றாத விளையாட்டாகப் பாருங்கள்.

'பூப்பறிக்க வருகிறோம்' அருமையாகப் பொருந்தும். இரண்டு அணி, நடுவில் கோடு, ஆளுக்கொரு பூப்பெயர். ஒரு அணி பாடிக்கொண்டே முன்னே வரும், எதிரணி "எந்தப் பூவைப் பறிக்கிறீர்கள்?" என்று கேட்கும். பெயர் சொன்னதும் அந்தப் பூப்பெயர் உள்ளவரும் பாடிய அணியில் ஒருவரும் கைகோத்து, அவரவர் பக்கம் இழுக்க வேண்டும். தோற்றவர் வென்ற அணியில் சேர்ந்துவிடுவார், அவ்வளவுதான். கூச்சப்படும் பிள்ளைகூட வரிசையோடு பாடிக் கலந்துவிடும். வெடுக்கென்று மட்டும் இழுக்க விடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கை எளிதில் பிசகும்.

அப்புறம், தொட்டுப் பிடிப்பதிலும் பிடிபட்டவர் கைகோத்துச் சேர்ந்து துரத்தலாம். நாலு பேரானதும் இரண்டிரண்டாகப் பிரித்துவிடுங்கள். சங்கிலி நீண்டால் ஓரத்துப் பிள்ளை விழுந்துவிடும்.