மணி எடுக்கும் இடம்: சால்சா, கூபா இசைத்தட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

சால்சா என்ற லத்தீன் அமெரிக்க நடன இசையையும் கூபாவின் நடன இசையையும் பல வருடங்களாக விடாமல் கேட்டு வருகிறேன். இசைத்தட்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

அண்ணா, ஏழெட்டுப் பாட்டு கேட்டுவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எதைத் தவறவிடுகிறேன்?

பாதியிலேயே நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சால்சா பாட்டின் முதல் பாதி கதை சொல்கிற பகுதி. பாடகர் எழுதிய வரிகளைப் பாடுவார், வாத்தியங்கள் அடக்கி வாசிக்கும். அது முடிந்ததும் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, இடைவெளிகளில் பாடகர் அந்த நேரத்தில் தோன்றியதைக் கோத்துப் பாடுவார். இதற்கு மொன்டூனோ என்று பெயர். பாட்டுக்கு உயிரே அங்கேதான்.

அந்த இடத்தைக் காதால் பிடிக்க ஒரு வழி உண்டு. முதல் பாதியில் போங்கோ என்ற ஜோடிச் சின்ன முரசை வாசிப்பவர் விரல்களால் பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டிருப்பார். டிம்பாலெஸ் என்ற, குச்சியால் வாசிக்கும் ஜோடி முரசை வாசிப்பவர் தோலை விட்டு, அதன் உலோகப் பக்கத்தில் குச்சியால் தட்டுவார். மொன்டூனோ வந்ததும் போங்கோக்காரர் போங்கோவைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரிய மணியைக் கையில் எடுப்பார். நாக்கில்லாத மாட்டுமணி அது, கட்டையால் தட்டுவது. டிம்பாலெஸ்காரரும் தன் மணிக்கு மாறுவார். சட்டென்று கூடம் முழுக்க விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஃபானியா என்ற நியூயார்க் நிறுவனம் எழுபதுகளில் வெளியிட்ட இசைத்தட்டு எதையாவது போட்டு, இந்த ஒரு மாற்றத்தை மட்டும் காத்திருந்து கேளுங்கள். அப்புறம் எல்லாப் பாட்டும் ஒன்று போலத் தோன்றாது.

மிருதங்கம் கற்கிறேன். கிளாவே என்பது நம் தாளம் மாதிரியா?

தம்பி, உங்களுக்கு இது சுலபம். கிளாவே என்பது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு தட்டு வரிசை. பதினாறு அட்சரத்தை இப்படிச் சொல்லுங்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. 3, 3, 4, 2, 4. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. அந்த ஐந்து தட்டுதான் சோன் கிளாவே. சோன் என்பது கூபாவின் பழைய நடன இசை. முதல் எட்டில் மூன்று தட்டு விழும், அடுத்த எட்டில் இரண்டு. இரண்டு தட்டு உள்ள பாதியிலிருந்து தொடங்குகிற பாட்டுகளும் நிறைய உண்டு.

தாளத்தை நாம் கையில் போட்டுக்கொண்டு அதன்மேல் பாடுகிறோம். கிளாவே அப்படிக் கணக்குக்கு மட்டும் இருப்பதில்லை, மெட்டு எங்கே அழுந்த வேண்டும், எங்கே மிதக்க வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. பல ஒலிப்பதிவுகளில் கிளாவே கட்டையை யாரும் தட்டவே மாட்டார்கள். ஆனாலும் பியானோ முதல் ட்ரம்பெட் வரை எல்லோர் மனதிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். பேஸைக் கவனியுங்கள்: பெரும்பாலும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அட்சரத்தில், விழாது, முந்தைய சுற்று முடிவதற்குள்ளேயே வந்து நின்றுவிடும். ஆடுகிறவர்களின் காலை இழுப்பது அந்த முந்தல்தான். போனின் சின்ன ஸ்பீக்கரில் இது காதில் விழாது, ஹெட்போன் போட்டே கேளுங்கள்.

சால்சா கூபாவுடையதா, நியூயார்க்குடையதா?

வேர் கூபா, பெயரும் வியாபாரமும் நியூயார்க். கண் தெரியாத இசைக்கலைஞர் அர்செனியோ ரொட்ரீகெஸ் 1940 வாக்கில் ஹவானாவில் பழைய சோன் குழுவோடு பியானோ, கொங்கா என்ற உயரமான கை முரசு, கூடுதல் ட்ரம்பெட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்தார். பின்னாள் சால்சா குழுவின் அடித்தளம் அதுதான். புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவுக்கும் கூபாவுக்கும் இடையே வாசல் அடைபட்டது. நியூயார்க்கில் இருந்தவர்கள் கையில் இருந்ததை வைத்துத் தங்கள் வழியில் போனார்கள்.

1964இல் ஃபானியா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜானி பச்செகோ டொமினிகன் குடியரசில் பிறந்தவர். ட்ரோம்போன் வாசித்த வில்லி கோலோன் நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த புவெர்த்தோ ரிக்கோ வம்சத்தவர். பாடகர் ரூபென் பிளாடெஸ் பனாமாக்காரர். இவர்களை விட்டுவிட்டு இது வெறும் கூபா இசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அர்செனியோவை மறந்துவிட்டு நியூயார்க்கைப் புகழ்வதையும் ஏற்க முடியாது. பியானோக்காரர் எடி பால்மியெரி 1961இல் தன் குழுவில் ட்ரோம்போன்களை முன்னால் நிறுத்தினார். அந்தக் கரகரத்த, தெருச்சண்டை மாதிரியான சத்தம் நியூயார்க்கின் சொந்தச் சொத்து.

ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பரவாயில்லையா?

தொடங்கத் தடையில்லை. ஆனால் 1978இல் கோலோனும் பிளாடெஸும் வெளியிட்ட 'சியெம்ப்ரா' தட்டில் உள்ள 'பெத்ரோ நவாஹா'வுக்கு மட்டும் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு ரவுடி தெருவில் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்துகிறான், அவள் துப்பாக்கியால் சுடுகிறாள், இரண்டு பேரும் சாகிறார்கள். அந்த வழியே வந்த குடிகாரன் ஒருவன் கத்தி, துப்பாக்கி, காசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாடியபடியே போகிறான். அவன் பாடும் வரியைத்தான் கோரஸ் பிடித்துக்கொள்கிறது! அதாவது மொன்டூனோ கதைக்குள்ளிருந்தே பிறக்கிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நான் எத்தனை முறை கேட்டாலும் அந்தத் திருப்பத்தில் சிலிர்க்கிறது.

நாற்பதுகளின் பாட்டுகள் சூடு பிடிக்கும்போதே முடிந்துவிடுகின்றனவே, ஏன்?

78 வேகத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். நடனக் கூடத்தில் நெடுநேரம் நீண்ட மொன்டூனோவை ஒலிப்பதிவில் வெட்ட வேண்டியிருந்தது. அர்செனியோவைக் கேட்கும்போது, முடிகிற இடத்துக்கு அப்பாலும் அது போய்க்கொண்டே இருந்திருக்கும் என்று மனதில் வைத்துக் கேளுங்கள்.

எண்பதுகளின் காதல் சால்சா எப்படி?

நல்ல குரல்கள் உண்டு. ஆனால் தாள வாத்தியங்களைப் பின்னுக்குத் தள்ளி, எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டார்கள். எனக்கு ஒட்டவில்லை.

புவெனா விஸ்டா சோஷியல் கிளப் கேட்டால் கூபா இசை தெரிந்துவிடுமா சார்?

அருமையான தட்டு, குறை சொல்ல மாட்டேன். அதில் பாடிய கோம்பாய் செகுந்தோவுக்கு அப்போது 88 வயது. ஆனால் அது பழைய காலத்தை நினைத்துப் பார்க்கிற தட்டு. 1996இல் அது பதிவானபோது ஹவானா இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தது டிம்பா என்ற புதுப் பாணி நடன இசைக்கு. என்ஜி லா பாந்தா என்ற குழு எண்பதுகளின் கடைசியில் கிளப்பிய நெருப்பு அது. பேஸ் திடீரென்று நின்றுபோகும், ட்ரம்பெட்டுகள் சீறும், கோரஸ் தெருப் பேச்சில் இருக்கும். அதற்கும் முன்னால், 1969இல் ஹுவான் ஃபோர்மெல் தொடங்கிய லோஸ் வான் வான் என்ற குழு, வயலின், புல்லாங்குழல் குழுவுக்குள் மின்பேஸையும் டிரம் செட்டையும் கொண்டுவந்துவிட்டது. புவெனா விஸ்டாவுக்கு அடுத்து நேராக வான் வானுக்குப் போங்கள்.

இப்போது வருவதில் எதை வாங்கலாம்?

கூபாவின் அலெக்ஸாண்டர் அப்ரேயு நடத்தும் ஹவானா டி'ப்ரிமேரா குழு. அவர் ட்ரம்பெட்டும் வாசிப்பார், பாடவும் செய்வார். நியூயார்க் சத்தம் வேண்டும் என்றால் ஸ்பானிஷ் ஹார்லெம் ஆர்க்கெஸ்ட்ரா. 2018இல் வந்த ஓர்கெஸ்தா அகோகானின் முதல் தட்டையும் விடாதீர்கள்.

அந்த அகோகான் தட்டு ஹவானாவில், எக்ரெம் என்ற கூபா அரசு இசைத்தட்டு நிறுவனத்தின் அரெய்த்தோ ஸ்டுடியோவில் பதிவானது. புவெனா விஸ்டாவும் அங்கேதான். அதற்கு முன்னால் அது பனார்ட் நிறுவனத்தின் ஸ்டுடியோ. 1957இல் கச்சாவோ லோபெஸ் என்ற பேஸ்காரர் இரவு வேலை முடித்த நண்பர்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் அங்கே வாசித்துப் பதிவு செய்த டெஸ்கார்கா தட்டும் உண்டு. டெஸ்கார்கா என்றால் முன்கூட்டி எழுதாமல் கூடி வாசிப்பது. கதையே இல்லை, முழுக்க மொன்டூனோ மாதிரிதான். மூன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கொங்காவில் அடி விழுந்ததும் சத்தம் எப்படி மேலே எழும்பிப் பரவி அடங்குகிறது என்று கவனியுங்கள்.