ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் 'கை சுத்தம்' பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆபரேஷன் ஆனவர்களின் வார்டு. காலை ரவுண்ட்ஸில் எங்கள் சீனியர் சர்ஜன் ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்டுப் பார்க்கிறார், கிளவுஸைக் கழற்றிப் போடுகிறார், கையில் எதுவும் தடவாமல் அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார். நல்ல டாக்டர், நோயாளிகளிடம் அன்பானவர். சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். சொல்லாவிட்டால் மனசு உறுத்துகிறது. சீனியர் அக்காக்கள் 'கண்டுக்காதே' என்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் உறுத்தல் நியாயமானது. அதை விட்டுவிடாதீர்கள். கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டும். அதனால் கிளவுஸ் போட்டிருந்தாலும் கழற்றியதும் கையைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

ஆனால், அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பேசப் போகாதீர்கள். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் டிடியே பிட்டேயின் குழு 1994-இல் வார்டு வார்டாக நின்று கவனித்தது. கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் ஊழியர்கள் செய்தார்கள். வேலை நெருக்கடி கூடக்கூட இது இன்னும் குறைந்தது. அப்புறம் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் மருந்து) கிடைக்கச் செய்தார்கள், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள், நிர்வாகமும் கூடவே நின்றது. 1997-இல் 66 சதவீதம் ஆனது, மருத்துவமனையில் தொற்றும் நோய்களும் குறைந்தன. அங்கேயும் முன்னேறியது நர்ஸ்கள்தான். டாக்டர்கள் பின்தங்கியே இருந்தார்கள்.

உங்கள் வார்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். சீழோ ரத்தமோ பட்ட கையை யாரும் கழுவாமல் விடமாட்டார்கள். அருவருப்பே குழாயடிக்கு அனுப்பிவிடும். தவறிப்போவது, பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் கையோடு அடுத்தவரைத் தொடும் இடத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் முதல் இரண்டும் 'முன்னால்' வருபவை: நோயாளியைத் தொடுமுன், ஊசி, டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலையைத் தொடங்குமுன். இவை நமக்காக அல்ல, முழுக்க நோயாளிக்காக.

ஆகவே பேச்சும் நோயாளியைப் பற்றியதாக இருக்கட்டும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் இருவரும் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். சோப்பு, ஜெல் வைத்த இடங்களில் சிலவற்றில் 'கை சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும்' என்று எழுதினார்கள், சிலவற்றில் 'நோயாளிகளைக் காக்கும்' என்று. முதல் வாசகத்தால் பலன் இல்லை. இரண்டாவது இருந்த இடங்களில் சோப்பும் ஜெல்லும் 33 சதவீதம் அதிகம் செலவானது.

சரி, நாளைக் காலை என்ன செய்யலாம்? ரவுண்ட்ஸுக்கு முன் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஹேண்ட் ரப் இருக்கிறதா, பாட்டில் காலியா என்று பாருங்கள். 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். வார்டுக் கோடியில் இருக்கும் குழாய்க்கு நடந்து போய் சோப்புப் போட்டுக் கழுவ நேரமில்லை என்பவர்கூட இதைச் செய்வார். கேஸ் ஷீட்டை நீட்டுவதுபோல, முதலில் நீங்கள் தடவிக்கொண்டு, "சார், ரப்" என்று இயல்பாக நீட்டுங்கள். நோயாளிகள் எதிரில் திருத்துகிற தொனி வேண்டாம். அப்படியும் மறந்தால், ரவுண்ட்ஸ் முடிந்ததும் தனியாக: "சார், எட்டாம் பெட் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, புண் ஆறவே மாட்டேங்குது. அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி நான் ரப் ஞாபகப்படுத்தட்டுமா?" ஒருமுறை அவர் 'சரி' என்றுவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்வது அவர் கேட்டுக்கொண்ட உதவிதான்.

கோபப்பட்டால்? அங்கேயே வாதாடாதீர்கள். இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் சொல்லுங்கள். யார் கை கழுவுகிறார்கள் என்று நின்று கவனித்துக் கணக்கெடுப்பது அவர் வேலை. சீனியர் சர்ஜனிடம் எண்களோடு பேச அவருக்கு உரிமையும் உண்டு, வேலை போகும் பயம் உங்களுக்கு இருக்கும் அளவு அவருக்கு இருக்காது. அந்தப் பாரத்தை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். ஊசி டிரேயோடு ஓடும்போது உங்கள் கையையும் பாருங்கள். கிளவுஸ் போட்ட கை கட்டில் கம்பியைத் தள்ளும், தலையணையைச் சரிசெய்யும், அதே கிளவுஸோடு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகிய குழாய்) மூடியைத் திறக்கும். ரத்தத்துக்கு நேராகப் போகும் வழி அது. மூடியைத் திறக்குமுன் அந்தக் கிளவுஸைக் கழற்றி, ரப் தேய்த்து, புதிதாகப் போடுங்கள். வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் மட்டும் ரப்பை நம்ப வேண்டாம். சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. அங்கே சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி.