பங்குக் கோயிலைத் திறப்பதென்றால் முதலில் ஜன்னலைத் திறங்கள்

கேள்வி: கொரோனா காலத்தில் உங்கள் ஊர்ப் பங்குக் கோயிலை மறுபடி எப்படிப் பாதுகாப்பாகத் திறந்தீர்கள்? அப்படி ஒரு நோய் இன்னொரு முறை வந்தால் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

அப்போது நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமக் கத்தோலிக்கப் பங்கின் பேரவையில் இருந்தேன். பங்கு என்றால் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபை, பேரவை என்றால் அவருக்கு உதவும் ஊர்க் குழு. மருத்துவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. மைக் கட்டுவது, பாய் விரிப்பது, திருவிழாவுக்குப் பந்தல்காரரோடு பேரம் பேசுவது போன்ற வேலைகளைப் பார்க்கிற ஆள். இந்தப் பதிலும் அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

என் பதில் இதுதான்: காற்று, நேரம், பாட்டு. இந்த மூன்றையும் சரி செய்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. வாசலில் வைக்கிற சானிடைசர், நெற்றியில் நீட்டுகிற வெப்பமானித் துப்பாக்கி எல்லாம் அப்புறம்.

2020 மார்ச் கடைசியில் கோயிலைப் பூட்டினோம். ஜூன் 8 முதல் திறக்கலாம் என்று மத்திய அரசு சொன்னாலும் தமிழ்நாடு அரசு அவசரப்படவில்லை. கிராமத்துச் சின்ன வழிபாட்டுத் தலங்களுக்கு ஜூலையில் கொஞ்சம் தளர்வு வந்தது. எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்தது செப்டம்பர் 1 அன்றுதான். இடையில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவே மக்கள் இல்லாமல் நடந்தது, வேளாங்கண்ணித் திருவிழாவும் அப்படித்தான். அதற்கு மேல் எங்கள் சின்ன ஊர் என்ன முணுமுணுக்க முடியும்?

மத்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 4 அன்று வெளியிட்ட நெறிமுறைகளைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறடி இடைவெளி, முகக்கவசம், சிலைகளையும் திருநூல்களையும் தொடக் கூடாது, தீர்த்தம் தெளிக்கக் கூடாது, பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாட்டுப் போடலாம், ஏசி இருந்தால் 24 முதல் 30 டிகிரிக்குள், வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். எல்லாம் அதில் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தைத்தானே எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள்? முதல் கூட்டத்தில் பாதி நேரம் வெப்பமானி எந்தக் கடையில் மலிவு என்பதிலேயே போனது. காய்ச்சல் வருவதற்கு முன்பே இந்த நோய் பரவும். அதுபோக எங்கள் ஊர் வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றி ஒரு கணக்குக் காட்டும், வேப்பமர நிழலில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு வேறு கணக்குக் காட்டும். வாங்கினோம், வைத்தோம், அதை நம்பவில்லை.

நாங்கள் பாடகர் குழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு செய்தி கிடைத்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று ஒத்திகைக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்ததாகக் கருதப்பட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். சானிடைசர் அங்கேயும் இருந்தது. அதே மாதம் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு தேவாலயத்தின் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட 92 பேரில் 35 பேருக்குத் தொற்று, மூன்று சாவு. இதைக் கேட்ட பிறகு பாடகர் குழுத் தலைவரே, "ஒரே ஆள் பாடட்டும், நான் கீபோர்டு மட்டும் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பாடுகிறவரும் பீடத்தின் ஓரத்தில் இல்லை, வெளி வராந்தாவில் மைக்கோடு. மக்கள் மனசுக்குள் பாட வேண்டியதுதான். முதல் ஞாயிறு அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது.

காற்று விஷயத்தில் எங்கள் அதிர்ஷ்டம், கோயில் பழையது. உயரமான கூரை, இரண்டு பக்கமும் நீள ஜன்னல்கள். ஆனால் அவற்றில் பாதி புறாத் தொல்லைக்காக எப்போதோ ஆணி அடித்து மூடப்பட்டவை. ஆசாரியை வரவழைத்து எல்லாவற்றையும் பிரித்துக் கம்பி வலை அடித்தோம். ஒரு ஜன்னலின் கீழ்ச் சட்டம் கரையான் அரித்து அப்படியே கையோடு வந்தது. திறப்புக்காக நாங்கள் செய்ததிலேயே பெரிய செலவு அதுதான். பயனுள்ள செலவும் அதுதான்.

கூரை மின்விசிறி இருக்கும் காற்றையே கலக்கும், வெளியே தள்ளாது. ஆவணியில் எங்கள் பக்கம் மேற்கே இருந்து கச்சான் காற்று வீசும். அதனால் மேற்கு ஜன்னல்கள் முழுக்கத் திறப்பு, கிழக்கு ஜன்னல்களில் நிற்கும் மின்விசிறிகளை வெளியே பார்த்து வைத்தோம். ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்தோம். பாவசங்கீர்த்தனத் தொட்டி (குருவிடம் பாவ அறிக்கை செய்யும் இடம்) இருக்கிற மூலையில் புகை நகரவே இல்லை. அந்த மூலையில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பாவசங்கீர்த்தனமும் வெளியே புங்கமரத்தடிக்குப் போனது: இரண்டு நாற்காலி, பக்கவாட்டில் பார்த்து, நடுவே ஒரு துணித் தட்டி.

நகரத்தில் ஏசி போட்டுக் கண்ணாடி அடைத்த புதுக் கோயில்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் ஏசியை நிறுத்திக் கதவைத் திறக்க வேண்டும், முடியாவிட்டால் வளாகத்தில் பந்தல் போட்டு அங்கேயே பூசை (திருப்பலி) வைக்க வேண்டும். வேர்க்கும்தான். வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எத்தனை பேர். இதை உத்தேசமாகச் சொல்லாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கோயிலில் மக்கள் இருக்கும் பகுதி சுமார் 80 அடிக்கு 30 அடி, 2,400 சதுர அடி. ஆளுக்கு ஆறடிக்கு ஆறடி என்றால் 36 சதுர அடி, ஆக 66 பேர். நடுவழி, ஓரம் கழித்தால் ஐம்பதுதான். ஆனால் ஒரே வீட்டில் உண்டு உறங்குகிற குடும்பத்தைக் கோயிலில் மட்டும் ஆறடி தள்ளி உட்கார வைப்பதில் என்ன பலன்? அதனால் ஆளுக்கு வட்டம் போடாமல் குடும்பத்துக்குக் கட்டம் போட்டோம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் ஆறடி. எண்பது பேர் வரை உட்கார முடிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற பழைய வழக்கம் அதோடு தற்காலிகமாகப் போனது. சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிற அம்மாக்களுக்கு நிம்மதி.

எண்பது பேர் என்றால் ஊர் கொள்ளுமா? கொள்ளாது. பூசையைக் கூட்டவும் முடியாது. திருச்சபைச் சட்டப்படி ஒரு குரு சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு பூசைதான் வைக்கலாம். தேவை இருந்தால் ஆயர் (பிஷப்) அனுமதியோடு ஞாயிறு, கடன் திருநாள்களில் (கட்டாயம் பூசைக்கு வர வேண்டிய திருநாள்கள்) மூன்று வரை. எங்கள் சாமிக்கு (பங்குக் குருவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிளைப் பங்கு வேறு இருக்கிறது. இங்கேதான் அன்பியங்கள் கைகொடுத்தன. அன்பியம் என்பது பங்கில் முப்பது, நாற்பது வீடுகள் சேர்ந்த ஒரு குழு. அதற்கு ஏற்கெனவே ஒரு பொறுப்பாளர், ஒரு வாட்ஸ்அப் குழு, வீட்டுப் பட்டியல் எல்லாம் இருந்தது. எந்த அன்பியம் எந்தப் பூசைக்கு என்று முறை வைத்தோம், சனி மாலைப் பூசையையும் சேர்த்து. ஞாயிறு பூசைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்ற கடமையிலிருந்து ஆயர்கள் விலக்குக் கொடுத்திருந்ததால் முறை வராதவர்கள் மாதா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டார்கள். முறை வைத்ததில் இன்னொரு லாபம்: ஒருவருக்குத் தொற்று என்றால் அன்று யார் யார் கூட இருந்தார்கள் என்று தேட வேண்டியதில்லை.

இதில் கஷ்டமான பகுதி முதியவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வீட்டில் இருப்பது நல்லது என்பதுதான் அப்போது அரசின் ஆலோசனை. ஆனால் வார நாளில் காலைப் பூசைக்கு வருகிறவர்களே அவர்கள்தானே. எங்கள் தெரு அம்மாச்சி ஒருவர் சாமியிடம் நேராகக் கேட்டார்: "நான் செத்தா மந்திரிக்க வருவீங்கல்ல சாமி? உயிரோட இருக்கப்ப வந்தா மட்டும் வேண்டாங்கிறீங்க." சாமி சிரித்தார், பதில் சொல்லவில்லை. அப்புறம் பேரவையில் பேசி, அதிகாலைப் பூசைக்கு வெளி முற்றத்தில் அவர்களுக்கு மட்டும் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டோம். திறந்த வெளி, கூட்டம் இல்லை, ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது. வரவே முடியாதவர்களுக்கு நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வீட்டு வாசலுக்குப் போனது, படுக்கையறைக்குள் போகவில்லை. தடுத்து நிறுத்தியிருந்தால் அவர்கள் பின்வாசல் வழியாக வந்து உள்ளே அந்தப் புகை தேங்குகிற மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

பூசையையும் சுருக்கினோம். மறையுரை (பிரசங்கம்) ஐந்து நிமிடம். (இதை மட்டும் நிரந்தரமாக்கலாம் என்று பலர் வேண்டிக்கொண்டார்கள்.) சமாதானம் சொல்லும்போது கைகூப்பினால் போதும், அது நமக்குப் புதிதில்லை. தீர்த்தத் தொட்டியைக் காய வைத்துக் கவிழ்த்தாயிற்று. காணிக்கைப் பை சுற்றவில்லை, வெளியே போகும் வழியில் பெட்டி.

நற்கருணையில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. வரிசையில் நிற்பவர்களுக்குச் சானிடைசர் ஊற்றினால், கை காய்வதற்குள் அவர்கள் சாமி முன்னால் வந்துவிடுவார்கள். ஈரக் கையில் அப்பம் ஒட்டும், துணுக்குகள் உதிரும். ஆகவே அப்பம் கொடுப்பதற்கு முன் சொல்லும் பரலோக மந்திரம் தொடங்கும் முன்பே இளைஞர்கள் கட்டம் கட்டமாக வந்து ஊற்றிவிடுவார்கள், மந்திரம் முடிவதற்குள் கை காய்ந்திருக்கும். "கிறிஸ்துவின் உடல்" என்று சாமி எல்லோருக்கும் சேர்த்து ஒரு முறை சொல்வார், மக்கள் "ஆமென்" சொல்வார்கள். பிறகு முகக்கவசம் அணிந்து, பேசாமல், கையில் மட்டும் கொடுப்பார். நாவில் வாங்கியே பழகியவர்களுக்கு வருத்தம் இருந்தது. ஒரே பாத்திரத்தில் பருகும் வழக்கம் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இதைவிடப் பெரிய யோசனை தேவைப்பட்டிருக்கும்.

எந்தச் சுற்றறிக்கையிலும் என் கண்ணில் படாத ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன்: சானிடைசரும் மெழுகுதிரியும். கெபி (சுரூபம் வைத்த குகை போன்ற சிறு இடம்) வாசலிலேயே பாட்டிலை வைத்திருந்தோம். ஒரு பெண் கையில் தேய்த்த கையோடு திரி ஏற்றப் போக, உபதேசியார் (கோயிலில் சாமிக்கு உதவுகிறவர்) பாய்ந்து தடுத்தார். சானிடைசரில் உள்ள சாராயம் எரிகிற தீ பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்கே தெரியாது. அன்றே அங்கே குழாயும் சோப்பும் வைத்தோம், சானிடைசரைத் தூக்கினோம்.

2021 பிப்ரவரி 17, சாம்பல் புதன். எங்கள் பக்கம் வழக்கமாக நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார்கள். அந்த ஆண்டு, வாசகத்தை எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை சொல்லிவிட்டுத் தலையில் தூவுங்கள் என்று வத்திக்கானிலிருந்தே குறிப்பு வந்திருந்தது. எண்ணெய் வைத்துப் பின்னிய தலைமுடியில் சாம்பல் விழுந்தால் என்ன ஆகும் என்று ரோமில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அன்று மாலை ஊரில் எல்லா வீட்டிலும் தலைக்குக் குளியல்.

கோயிலுக்குள் இவ்வளவு செய்தும், எங்களுக்குப் பயம் கொடுத்தது கோயிலுக்கு வெளியேதான். அடக்கத்துக்கு இருபது பேர் என்று அப்போது அரசு விதி. பூசையில் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்தவர்கள், துட்டி (சாவு) வீட்டில் ஒரே அறையில் நாற்பது பேராக அழுதார்கள். அதை யார் போய் நிறுத்துவது? பங்குக் கோயிலைத் திறக்கத் திட்டமிடுகிறவர்கள் துட்டி வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். உடலை வீட்டுக்குள் வைக்காமல் வாசல் பந்தலில் வைப்பது, மந்திரிப்பையும் (இறந்தவருக்கான ஜெபம்) அங்கேயே முடிப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்கினோம்.

திறப்பதைப் போலவே மூடுவதற்கும் முன்கூட்டியே விதி வேண்டும். நோய் ஏறும்போது உட்கார்ந்து வாதாடினால் முடிவு வராது. நாங்கள் எழுதி வைத்தது இது: வெள்ளிக்கிழமை தோறும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்பது, ஓர் அன்பியத்தில் தொற்று இருந்தால் அந்த வாரம் அந்த அன்பியம் வராது, இரண்டு மூன்று அன்பியங்களில் இருந்தால் உள்ளே பூசை கிடையாது. 2021 ஏப்ரலில் அப்படித்தான் நிறுத்தினோம். ஏப்ரல் 26 முதல் மாநிலம் முழுக்க மக்கள் நுழையத் தடை வந்தபோது எங்கள் கோயில் ஏற்கெனவே பூட்டியிருந்தது. ஜூலை 5 அன்று மறுபடி அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மக்களுக்கு அனுமதி இல்லை என்று புது உத்தரவு. ஞாயிறு இல்லாமல் கோயிலைத் திறந்து என்ன செய்வது என்று சிலர் கோபப்பட்டார்கள். சாமி கோபப்படவில்லை, வியாழன் மாலைக்குப் பெரிய பூசையை மாற்றினார். வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் குளித்துவிட்டு வர வசதியாக ஆறரை மணிக்கு. அக்டோபர் நடுவில் ஞாயிறு திரும்பக் கிடைத்தது. வியாழன் பூசையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அது இன்னும் நடக்கிறது.