ரேஸ் செய்தால் கூடவே ஊளையிடும் ஸ்டீரியோ: பழைய காரில் இரைச்சலை எங்கே தேடுவது?

கேள்வி: என்னுடையது 1971 மாடல் கார். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பாயின்ட் இக்னிஷன். பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தாகிவிட்டது. டேஷ்போர்டில் புது செட்டும் டிக்கியில் ஆம்பும் மாட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘கீஈஈ’ என்று ஒரு சத்தம் இன்ஜினோடு சேர்ந்து ஏறுகிறது. ரேடியோ போட்டால் அதற்கு மேல் ‘டிக்டிக்டிக்’. கடையில் சொன்னபடி இரண்டு ஃபில்டர் போட்டும் போகவில்லை. இப்போது ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கீழே சொல்லும் அளவுகளை எடுக்கும் வரை எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. ‘கீஈஈ’ ஆல்டர்னேட்டரில் பிறந்து வயர் வழியாக வருகிறது. ‘டிக்டிக்’ பிளக் பொறியில் பிறந்து பெரும்பாலும் காற்று வழியாக ஆன்டெனாவுக்குப் போகிறது. ஒன்றுக்குப் போடும் மருந்து மற்றதற்குக் கேட்காது. இரண்டையும் ஒரே டப்பாவால் அடக்கப் பார்த்ததில்தான் உங்கள் பணம் போயிருக்கிறது.

ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் பேட்டரியுடையதைப் போல வழவழப்பானது அல்ல. வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்று சுற்றினால் மின்னழுத்தத்தில் 36 சிறு மேடுகள் எழும். இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்றும்போது ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 2000 சுற்றும். அப்படியானால் நொடிக்கு 1200 மேடுகள். காதுக்கு நன்றாக எட்டும் சுருதி அது. புத்தம் புது ஆல்டர்னேட்டரிலும் இந்த மேடு பள்ளம் உண்டு. ஸ்பீக்கர் வரை போக அதற்கு வழி கிடைத்த காரில் மட்டும்தான் ஊளை கேட்கும். நாம் அடைக்க வேண்டியது அந்த வழியை.

முதலில் அந்த இரண்டு ஃபில்டரையும் கழற்றி வையுங்கள். அவை இருக்கும்போது செய்யும் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். பிறகு பாட்டு ஓடும்போதே ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இன்ஜினை ரேஸ் செய்யுங்கள். ஊளை அப்படியே கேட்டால், அது செட்டின் ஒலிக் குமிழைத் தாண்டிய பிறகு நுழைகிறது: ஆர்சிஏ வயர் (செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது), ஆம்ப், எர்த் (கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). ஒலியைக் கூட்டக் குறைக்க ஊளையும் கூடிக் குறைந்தால், குமிழுக்கு முன்னால் நுழைகிறது: செட்டின் பவர் வயர், ஆன்டெனா, அல்லது போனைக் காரிலேயே சார்ஜ் போட்டபடி ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்பது. கடைசியாகச் சொன்னது என்றால் சார்ஜரைப் பிடுங்கிய நொடியே தெரிந்துவிடும்.

ஒலி பூஜ்யத்திலும் ஊளை இருந்தால், வண்டியை அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்சிஏ பின்களை உருவுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் போயிருந்தால் கோளாறு செட்டுக்கும் ஆம்புக்கும் இடையில். போகவில்லை என்றால் ஆம்பின் சொந்த பவர், எர்த் வயர்களில். பழைய கார்களில் பெரும்பாலும் முதல் வகைதான்.

காரணம் எர்த். செட் டேஷ்போர்டு பக்கம் ஒரு இடத்தில் எர்த் எடுக்கிறது, ஆம்ப் டிக்கியில் இன்னொரு இடத்தில் எடுக்கிறது. நடுவில் இருப்பது ஐம்பது வருடத் துருவும் மறு பெயின்ட்டும் ஏறிய தகடுகள். சார்ஜிங் கரன்ட் இந்தத் தகடு வழியாகத் திரும்பும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் விழுகிறது. இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ வயரின் வெளி உறை வழியாக அந்த வித்தியாசம் ஓடுகிறது. பாட்டு போகும் அதே கம்பி. ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது.

இதை அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையிலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. சிவப்பு முனையை ஆம்பின் எர்த் திருகில் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 100ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இதே அளவை செட்டின் உலோக உறையிலும் இன்ஜின் பிளாக்கிலும் எடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் எர்த் பட்டை ஒன்றுதான் உறவு. அந்தப் பட்டை அற்றுப்போன வண்டியில் ஸ்டார்ட்டர் கரன்ட் சோக் கேபிள் (கார்புரேட்டரின் சோக்கை இழுக்கும் கம்பி) வழியாகத் திரும்பும். ஸ்டார்ட் செய்ததும் சோக் கேபிள் சுட்டால் ஸ்டீரியோவை மறந்துவிட்டு முதலில் பட்டையை மாற்றுங்கள்.

எர்த் எடுக்கும் இடத்தைத் தயார் செய்வதில்தான் வேலை இருக்கிறது. பெயின்ட்டின் மேல் ஸ்க்ரூ முடுக்கி வைப்பது எர்த் ஆகாது. நாணயம் அகலத்துக்குப் பெயின்ட், பிரைமர், துரு எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, தகடு வெள்ளி போல மின்னும்வரை கொண்டுவாருங்கள். பின்பக்கமும் அப்படியே. வயரின் லக்கை (நுனியில் மாட்டும் உலோக வளையம்) நசுக்கிப் பிடித்து, 8 மில்லிமீட்டர் போல்ட், பல் வைத்த வாஷர், நட் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லியோ பெயின்ட்டோ பூசினால் மறுபடி துரு ஏறாது. ஆம்பின் எர்த் வயர் அதன் பவர் வயர் அளவுக்குத் தடிமனாக, 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். செட்டின் கறுப்பு வயரைப் பழைய வயரிங்கில் கிடைத்த ஏதோ ஒரு கறுப்போடு முறுக்கி வைத்திருந்தால் அதைப் பிரித்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனியாக ஆம்பின் எர்த் போல்ட் வரைக்கும் கொண்டுபோங்கள். இரண்டுக்கும் ஒரே இடத்தில் எர்த் என்றால் வித்தியாசம் விழ இடமே இல்லை. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்க வேண்டாம். அவசரத்துக்கு அதைத்தான் பல பேர் கழற்றுகிறார்கள். அந்த போல்ட் உங்கள் உயிரைப் பிடித்து நிறுத்துவதற்காக இருக்கிறது.

பவரும் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், பேட்டரித் தலையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸோடு. பவர் வயர் காரின் ஒரு ஓரமாகப் போனால் ஆர்சிஏ மறு ஓரமாகப் போகட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் கூட்டல் குறி போலக் கடக்கட்டும்.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் ஊளை முன்னைவிடக் கூடியிருந்தால் ஒன்றைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம்ஸில் வைத்து, செட்டின் பின்புறம் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் செட்டின் உலோக உறைக்கும் இடையே அளங்கள். பல செட்டுகளில் அங்கே ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், ஆம்பின் எர்த் விட்டுப்போன ஏதோ ஒரு சமயம் அதன் கரன்ட் முழுவதும் ஆர்சிஏ உறை வழியாகப் பாய்ந்து, செட்டுக்குள் இருக்கும் அரிசி அளவு ஃபியூஸைக் கருக்கியிருக்கிறது. சாக்கெட் வளையத்திலிருந்து செட்டின் உறைக்கு ஒரு சிறு வயர் இணைத்தால் ஊளை நிற்கிறதா என்று பார்க்கலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். செட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் உங்களுக்காகச் செலவழிப்பதில்லை என்பதுதான் எரிச்சல். காரைப் பார்க்காமலேயே ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று ஒரு டப்பாவை ஆர்சிஏ நடுவில் செருகிவிடுகிறார்கள். அதற்குள் இருப்பது இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். மலிவானது ஊளையோடு பாட்டின் அடி நாதத்தையும் தின்றுவிடும், கெட்ட எர்த் அப்படியே கெட்டுக்கொண்டிருக்கும். அது போதாவிட்டால் உருளை டப்பா போல ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர். ஆர்சிஏ உறையில் ஓடும் இரைச்சலை அது தொடக்கூடத் தொடாது. அதற்கும் அடங்காவிட்டால் ஆல்டர்னேட்டர். வாங்கித் தரும் ஒவ்வொரு பொருளிலும் இடையில் நிற்பவருக்குக் கமிஷன் உண்டு, உப்புத்தாளில் இல்லை. மில்லிவோல்ட் அளவைச் சொல்லாமல் பொருளின் பெயரைச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

ஆல்டர்னேட்டர் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். 20, 25 என்று காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது, வேறு எடுங்கள். பிறகு இன்ஜினை 2000 சுற்றில் வைத்து, ஹெட்லைட் போட்டு, மறுபடி பேட்டரியில் அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் ஆல்டர்னேட்டர் நலம். 0.5க்கு மேல் என்றால் உள்ளே டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) போயிருக்கிறது. அப்போதும் டயோடு தட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உறுதி செய்ய இன்னொரு வழி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. பல பழைய கார்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும் என்பதால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இனி ‘டிக்டிக்’. உங்கள் இன்ஜின் ஐடிலிங்கில் 900 சுற்று ஓடினால் நொடிக்கு 30 பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம், பிளக் வயர் அதன் ஆன்டெனா. ஆன்டெனா பின்னை செட்டிலிருந்து உருவிப் பாருங்கள். டிக்டிக் நின்றால் இது காற்று வழி வருவதுதான்.

பிளக் வயர்களைக் கழற்றி முனைக்கு முனை ஓம்ஸில் அளங்கள். ஒரு மீட்டருக்குச் சில ஆயிரம் முதல் 20 ஆயிரம் ஓம்ஸ் வரை காட்டினால் அது இரைச்சல் அடக்கும் வயர். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே வெறும் தாமிரம். ‘பெர்ஃபாமன்ஸ்’ என்று பெயர் சூட்டி, பளபளக்கும் உறை போட்டு இதைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். சாதாரணத் தெரு ஓட்டத்துக்கு அதனால் ஒரு குதிரைச் சக்தியும் கூடாது, ரேடியோ மட்டும் போகும். கார்பன் வயர் போடுங்கள், அல்லது தாமிர வயரையே வைத்துக்கொண்டு 5000 ஓம்ஸ் தடை கொண்ட பிளக் மூடிகளைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) மூடியின் நடுவில் உள்ள கார்பன் குச்சி தேய்ந்திருந்தாலும் பொறி தாண்டித் தாண்டிப் போய் இரைச்சலைக் கூட்டும்.

பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலில் 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் கண்டென்சர் (இரைச்சலை எர்த்துக்கு வடிக்கும் கெப்பாசிட்டர்) ஒன்று மாட்டுங்கள். இக்னிஷன் சாவியிலிருந்து வரும் வயர் எந்த முனையில் இருக்கிறதோ, அந்த முனையில். பாயின்ட்டுக்கு (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரன்ட்டை வெட்டி விடும் தொடுமுனை) போகும் முனையில் மாட்டினால் பொறி பலவீனமாகி இன்ஜின் திக்கும். காயில் மேல் உள்ள குறிகளைப் பார்த்து மாட்டாதீர்கள், வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பிறகு ஆன்டெனா அடியில் பெயின்ட் சுரண்டப்பட்டிருக்கிறதா, அதன் வெளி உறைக்கும் பாடிக்கும் 1 ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் எர்த் பட்டை போடுங்கள். பொறியின் அலையை உள்ளேயே அடைத்து வைக்கும் மூடி பானட்தான். கீலில் பெயின்ட் ஏறி எர்த் விட்டுப்போனால் அந்த மூடி பாதி திறந்த மாதிரி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பாதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ். டைனமோவை மாற்றி ஆல்டர்னேட்டர் வைத்த உங்கள் காரில் இது ஏறத்தாழ நிச்சயமாக இருக்காது, ஆனாலும் பேட்டரியின் எந்தத் தலை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் எர்த் கார் வைத்திருப்பவர்கள், வயரை மாற்றிக் கொடுத்தால் புது செட் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புது செட்டின் உறை, ஆன்டெனா உறை, ஆர்சிஏ உறை எல்லாமே நெகட்டிவ். கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவுக்கும் சிவப்பை பாடிக்கும் கொடுத்துவிட்டு செட்டை டேஷ்போர்டில் தள்ளினால், உறை பாடியைத் தொட்டதும் ஷார்ட். கொடுமை என்னவென்றால், ஃபியூஸ் இருப்பது சிவப்பு வயரில்; ஷார்ட் கரன்ட் ஓடுவது ஃபியூஸே இல்லாத கறுப்பு வயரில். எதுவும் அதை நிறுத்தாது. டேஷ்போர்டுக்குள் வயர் உருகி, பக்கத்து வயர்களையும் உருக்கிக்கொண்டு போகும்.

வழி இரண்டு. உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் முழுக்கப் பிரிக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைக்கலாம். அதுவே வேகமாகச் சுவிட்ச் ஆகி இரைச்சல் தரும் கருவி என்பதால் அதற்கென்று ஃபில்டர் வேண்டும். அல்லது காரையே நெகட்டிவ் எர்த் ஆக்கலாம்: பேட்டரியைத் திருப்புவது, காயிலின் இரு சிறு வயர்களையும் அம்மீட்டர் வயர்களையும் மாற்றிப் போடுவது, டைனமோவின் ‘எஃப்’ (காந்தச் சுருளுக்குப் போகும்) முனையிலிருந்து வயரைக் கழற்றி அதில் பேட்டரி பாசிட்டிவை நொடிப் பொழுது தொட்டு அதன் காந்தத்தைத் திருப்புவது. எலெக்ட்ரானிக் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) இருந்தால் அதை மாற்றியமைக்காமல் இதில் இறங்க வேண்டாம். டைனமோவுக்கு சப்ரஸர் கண்டென்சர் போடுவதானால் ‘டி’ (கரன்ட் வெளியே வரும்) முனையில்தான். ‘எஃப்’இல் போட்டால் ரெகுலேட்டர் பாயின்ட் கருகும்.

மீதி இரைச்சல்களை அவற்றின் தாளமே காட்டிக்கொடுக்கும். இன்ஜின் அணைந்து சாவி மட்டும் போட்டிருக்கும்போது விட்டுவிட்டு ‘டக்’ என்றால் மீட்டர்களுக்குப் பின்னால் உள்ள பழைய வோல்டேஜ் ஸ்டெபிலைசர். சீரான ‘சர்ர்ர்’ என்றால் யுஎஸ்பி சார்ஜர் அல்லது எல்இடி பல்பு. இந்தப் பல்புகளையும் சார்ஜர்களையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாகன மின்காந்த இரைச்சலுக்கு ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 10ஆம் எண் விதி இருக்கிறது, தேறிய பொருளில் வட்டத்துக்குள் ‘ஈ’ முத்திரை இருக்கும். காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் முத்திரையை அச்சடிக்கத் தெரிந்த யாரும் அச்சடித்து விற்கிறார்கள், வாங்குபவர்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிடுங்குங்கள். ரேடியோ தெளிந்தால் அதுதான் குற்றவாளி.

இவ்வளவும் செய்த பிறகும் லேசான ‘கீ’ மிச்சமிருந்து, அது ஒலிக் குமிழோடு கூடிக் குறைந்தால், அப்போது ஃபில்டருக்கு இடம் உண்டு. கழற்றி வைத்தவற்றில் ஒன்று பவர் வயரில் போடும் சோக் ஃபில்டராக (இது கார்புரேட்டர் சோக் அல்ல, இரைச்சலைத் தடுக்கும் கம்பிச் சுருள்) இருந்து, 10 ஆம்பியர் தாங்கும் என்றால் அதையே பயன்படுத்துங்கள். செட்டின் பிரதான பவர் வயரில், செட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, அதன் கறுப்பு வயரையும் செட்டின் எர்த்திலேயே முடியுங்கள்.