6502-க்கு எதற்கு நவீன கம்பைலர்?

வணக்கம் ஐயா,

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-க்கு ஒரு சிறு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாமே அசெம்பிளிதான், அதாவது சிப்பின் கட்டளைகளை நேரடியாகக் கையால் எழுதுவது. சி போன்ற மொழியில் எழுதியதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் எல்எல்விஎம் கம்பைலரை, கமடோரில் இருக்கும் 6502 வகைச் சிப்புக்காக மாற்றியமைக்கும் எல்எல்விஎம்-மாஸ் திட்டத்தை நீங்கள் பாராட்டியிருந்தீர்கள். இன்றைய பெரிய கணினிகளுக்காகக் கட்டிய ஒன்றை, மூன்றே ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) உள்ள சிப்பில் திணிப்பதால் என்ன பயன்? எட்டு பிட் கணினியில் சி என்றாலே மெதுவாகத்தான் ஓடும் என்று கேட்டே வளர்ந்தவன் நான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டு வளர்ந்தது பொய்யில்லை. ஆனால் அந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1975-இல் வந்த 6502-இன் ஹார்ட்வேர் ஸ்டாக், அதாவது ஃபங்ஷன் அழைப்புகளின் தற்காலிகத் தகவல்களை அடுக்கிவைக்கும் இடம், மொத்தமே 256 பைட். சி ஃபங்ஷன்களின் லோக்கல் வேரியபிள்களுக்கு அது போதாது. அதனால் பழைய கம்பைலர்கள் நினைவகத்தில் வேறோர் இடத்தில் தாங்களே ஒரு ஸ்டாக்கை நடத்தின. அதிலிருந்து ஒரு பைட்டை எடுக்க, ஒய் ரெஜிஸ்டரில் தூரத்தை ஏற்றி, ஸீரோ பேஜில் (நினைவகத்தின் முதல் 256 பைட்டில்) உள்ள பாயிண்டர், அதாவது முகவரிக் குறிப்பு, வழியாகப் போக வேண்டும்: குறைந்தது 7 சைக்கிள் (சிப்பின் கடிகாரத் துடிப்பு). அதே பைட் ஒரு நிலையான முகவரியில் இருந்தால் 4, ஸீரோ பேஜிலேயே இருந்தால் 3. அசெம்பிளியில் நீங்கள் இப்படிச் சுற்றிப் போகவே மாட்டீர்கள். ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு முகவரி குறித்துவைத்துவிடுவீர்கள், இல்லையா?

எல்எல்விஎம்-மாஸ் செய்வதும் அதுதான். முழு நிரலையும் ஒன்றாகப் பார்த்து, எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று கணக்கிடுகிறது. ஒரு ஃபங்ஷன் முடிவதற்குள் மறுபடி அழைக்கப்பட வழியே இல்லை என்று தெரிந்தால், அதன் வேரியபிள்களுக்கு நிலையான முகவரி தந்துவிடுகிறது. நீங்கள் தாளில் போடும் கணக்குதான். ஆனால் நிரலில் ஓர் அழைப்பை மாற்றினால் நீங்கள் தாளை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். கம்பைலர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகவே போடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸீரோ பேஜ் விஷயம். எல்எல்விஎம்-இன் ரெஜிஸ்டர் பங்கீடு நிறைய ரெஜிஸ்டர்களை எதிர்பார்க்கிறது. ஏ, எக்ஸ், ஒய் மட்டும் கொடுத்தால் அது திக்குமுக்காடிப் போகும். அதனால் ஸீரோ பேஜின் சில பைட்டுகளையே ரெஜிஸ்டர்கள் என்று அதனிடம் சொல்லிவிட்டார்கள். கற்பனை ரெஜிஸ்டர்கள் என்றே அவற்றுக்குப் பெயர். 6502-இல் பாயிண்டர் வழியாக நினைவகத்தைத் தொட, அந்தப் பாயிண்டர் எப்படியும் ஸீரோ பேஜில்தான் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டாயமும் கம்பைலரின் தேவையும் ஒரே இடத்தில் வந்து பொருந்துவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

சரி, அசெம்பிளியை விட்டுவிடலாமா? வேண்டாம். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்கான கமடோரில் திரையின் ஒரு வரிக்கு 63 சைக்கிள்தான். அதற்குள் நிறம் மாற்றும் வேலையைக் கம்பைலரை நம்பி விட முடியாது. அதை அசெம்பிளியிலேயே வைத்துக்கொண்டு சி-யிலிருந்து அழையுங்கள்.

அப்புறம், சி-யில் எழுதும்போது இன்ட் என்றால் இங்கே 16 பிட். ஒரு பைட் போதுமான இடத்தில் அன்சைன்ட் சார் போடுங்கள். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்தால் மேலே சொன்ன நிலையான முகவரி அதற்குக் கிடைக்காது.

உங்கள் விளையாட்டில் எதிரிகளை நகர்த்தும் பகுதியை மட்டும் சி-யில் எழுதி, கம்பைலர் தரும் அசெம்பிளியைப் படித்துப் பாருங்கள். அதையும் நீங்கள் கையால் எழுதியதையும் சேர்த்து அனுப்பினால், இரண்டையும் அருகருகே வைத்து சைக்கிள் எண்ணிப் பார்ப்போம்.