முதல் 200 கி.மீ. ப்ரவேயில் வேகத்தை எப்படிப் பங்கிட்டு ஓட்டுவது?

நீங்கள் கேட்டது இது: ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் 100 கி.மீ. வரை சராசரி மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் ஓட்டிவிடுகிறீர்கள், அதற்கு மேல் போனதில்லை. ஜனவரியில் சென்னையிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக மரக்காணம் போய்த் திரும்பும் 200 கி.மீ. ப்ரவேக்கு, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, பந்தயமில்லாத நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அதே 27-ஐக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். முதல் 60 கிலோமீட்டரை 22, 23-க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். அவ்வளவு மெதுவாகவா என்று உங்களுக்கே எரிச்சல் வரும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டால் ப்ரவே பாதி முடிந்த மாதிரிதான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் 200-ம் இதே சாலையில், ஒரு டிசம்பர் மாதத்தில்தான். காலை 6 மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பினோம். கிளம்பிய பத்தாவது நிமிடமே ஏழெட்டுப் பேர் கொண்ட கூட்டம் ஒன்று என்னைத் தாண்டியது. நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். மீட்டர் 30, 31, சில நேரம் 33 என்று காட்டியது. முட்டுக்காடு பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மகாபலிபுரம் தாண்டும்போது கால் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருந்தது. 9.30 மணிக்கு மரக்காணத்தில் ப்ரவே கார்டில், வந்து சேர்ந்ததற்கான சீல் வாங்கிவிட்டேன். உப்பளங்களைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றுகூட எழுதினேன்.

திரும்பிய மறு நிமிடம் காற்று முகத்தில் அறைந்தது. காலை முழுக்க முதுகைத் தள்ளிக்கொண்டு வந்த அதே வாடைக்காற்று. கடப்பாக்கம் வருவதற்குள் வேகம் 20-க்குக் கீழே இறங்கியது. கூவத்தூர் பக்கம், 130 கி.மீ. இருக்கும், கை நடுங்க ஆரம்பித்தது. தொடை இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அப்போது ஒரு பெரியவர் வந்து சைக்கிளை நிறுத்தினார். காலையில் நாங்கள் தாண்டி வந்தவர்களில் ஒருவர். சர்க்கரை தூக்கலாக டீ போடச் சொல்லி, இரண்டு வாழைப்பழத்தையும் கையில் கொடுத்தார். நான் காலைக் கதையைச் சொன்னதும், "தம்பி, காலையில நீங்க ஓட்டினது உங்க வேகம் இல்ல. பாதி காத்தோடது, பாதி முன்னாடி போனவங்களோடது" என்றார்.

இரவு 7.05-க்கு முடித்தேன். 200 கி.மீ.-க்கு உள்ள 13 மணி 30 நிமிடக் கெடுவில் மிச்சம் 25 நிமிடம். வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்து ஓட்டிய நேரம் 9 மணி 20 நிமிடம், நின்ற நேரம் 3 மணி 45 நிமிடம். 30-க்கு மேல் தொடங்கிய நான், ஓட்டிய நேரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால்கூட 21.4 சராசரிதான் ஓட்டியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு அதே வழி, ஏறக்குறைய அதே காற்று. முதல் 60-ஐ 22-ல் போனேன். கடைசியில் ஓட்டிய நேரம் 8 மணி 50 நிமிடம், நின்றது 1 மணி 10 நிமிடம். மொத்தம் 10 மணி நேரத்தில் முடிந்தது. இடைப்பட்ட ஓராண்டில் எனக்குப் புதுக் கால் முளைத்துவிடவில்லை. பயிற்சியும் முன்பு போல வாரம் இரண்டு நாள்தான்.

இப்போது உங்கள் 27-க்கு வருகிறேன். 100 கி.மீ.-ஐ 27-ல் ஓட்டினால் 3 மணி 42 நிமிடத்தில் முடிந்துவிடும். நம் உடம்பு தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கிறது. மொத்தமே 400, 500 கிராம் அளவுக்குத்தான். கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதன் அடிமட்டம் தெரிய ஆரம்பித்துவிடும். கொழுப்பு எல்லோரிடமும் நாள்கணக்கில் ஓடும் அளவுக்கு இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். மூச்சு வாங்கும்படி ஓட்டினால் உடம்பு மாவுச்சத்தையே அதிகம் எடுக்கும். நிதானமாக ஓட்டினால் கொழுப்பிலிருந்து பெரிய பங்கை எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை மிச்சம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தொட்டி வற்றப் போகும் நேரத்தில் நீங்கள் வீட்டு வாசலில் இறங்கிவிடுகிறீர்கள். அதனால்தான் 27 உங்கள் வேகம் போலத் தெரிகிறது. அது உங்கள் 100 கி.மீ. வேகம். 200-க்கான வேகம் வேறு, அதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

காற்றின் கணக்கும் இருக்கிறது. சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். காற்றில்லாத நாளில் 25-லிருந்து 30-க்குப் போனால் வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்கு, காற்றுக்குக் கொடுக்கும் சக்தி கூடுவது 70 சதவீதத்துக்கும் மேல். இதோடு வாடையைச் சேர்த்துப் பாருங்கள். 10 கி.மீ. வேகத்தில் முதுகில் தள்ளும்போது நீங்கள் 30-ல் போனாலும் உடம்பில் மோதுவது 20 தான். திரும்பி வரும்போது 20-ல் வந்தாலே மோதுவது 30. ஆகவே ஜனவரியில் தெற்கே போகும்போது மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பகல் ஏற ஏறக் காற்று கடல் பக்கமிருந்து, வடகிழக்காக வலுக்கும். திரும்பும் பாதி சிரமம் என்று எழுதி வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

எண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது? மூச்சை. முழு வாக்கியம் ஒன்றை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் கியரை இறக்குங்கள். தனியாகப் போகிறவர்கள் வாய்விட்டுப் பாடியே பார்க்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். இதயத் துடிப்பு மானி இருந்தால் நல்லதுதான், ஆனால் மத்தியான வெயிலில் அது ஏமாற்றும். அதே உழைப்புக்கு, உடம்பு சூடாகி நீர் வற்ற வற்றத் துடிப்பு தானாக ஏறும். பயந்துபோக வேண்டாம், வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

பெடல் நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற மாதிரி லேசான கியரில் வையுங்கள். இந்த வழியில் ஏற்றம் என்று சொல்ல முட்டுக்காடு பாலம், பாலாற்றுப் பாலம் மாதிரி ஒன்றிரண்டுதான். அங்கே எழுந்து நின்று மிதிக்காமல் உட்கார்ந்தபடியே ஏறுங்கள்.

கூட்டத்தின் பின்னால் ஒட்டிப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சரியான கூட்டம் கிடைத்தால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிச்சமாகும். எதிர்க்காற்றில் அது வரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் ஒளிந்து போகும்போதே மூச்சு வாங்கினால் அது உங்கள் கூட்டம் இல்லை, விட்டுவிடுங்கள். விடுவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ப்ரவேயின் வரலாறே, இப்படிக் கூட்டத்தை விட்டு அவரவர் வேகத்தில் போவதில்தான் தொடங்குகிறது. 1904-ல் பிரான்சில் ஆன்ரி தெகிராஞ்ச் என்ற பத்திரிகை ஆசிரியர் தொடங்கி வைத்த 'ஆடாக்ஸ்' என்னும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் ஒரு தலைவர் வேகத்தைத் தீர்மானிப்பார், எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும். 1921-ல் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் என்ற பாரிஸ் சைக்கிள் சங்கம் தனியாக ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பெயரே 'அலூர் லீப்ர்', அதாவது அவரவர் வேகம். நாம் இன்று ஓட்டும் ப்ரவே அந்த வழியில் வந்தது. இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 8 மணி நேரத்தில் முடித்தவருக்கும் 13 மணி 29 நிமிடத்தில் முடித்தவருக்கும் ஒரே மரியாதைதான்.

நேரத்தைப் பற்றிய பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம். 20-ல் ஓட்டினால் 200-க்கு 10 மணி நேரம், நிற்பதற்கு மூன்றரை மணி நேரம் மிச்சம். 22-ல் ஓட்டினால் 9 மணி 5 நிமிடம். 27-ல் ஓட்டினால் 7 மணி 24 நிமிடம். 22-க்கும் 27-க்கும் வித்தியாசம் 1 மணி 41 நிமிடம். இந்த நேரத்தை ஒரு டீக்கடை பெஞ்ச் விழுங்கிவிடும், நான் கண்ணால் பார்த்தவன். வழியில் கார்டில் சீல் வாங்க வேண்டிய இடங்களான கண்ட்ரோல்கள் மூடும் நேரமும் ஏறக்குறைய மணிக்கு 15 கி.மீ. கணக்குதான். 100-வது கி.மீ. கண்ட்ரோல் 6 மணி 40 நிமிடம் வரை திறந்திருக்கும். ஆகவே மெதுவாக ஓட்டுவதால் கெடு தவறாது. நின்றால்தான் தவறும். கண்ட்ரோலில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே என்ன செய்யப் போகிறோம் என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு இறங்குங்கள்: சீல், தண்ணீர், பாத்ரூம், சாப்பாடு. 12 நிமிடம் போதும். மரக்காணத்தில் மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு ஷூவைக் கழற்றி உட்காருங்கள்.

சாப்பாட்டில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, பசித்த பிறகு சாப்பிடுவது. பசி வரும்போது ஏற்கனவே தாமதம். கிளம்பிய முக்கால் மணி நேரத்திலேயே முதல் வாய் போட்டுவிடுங்கள். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. இரண்டு வாழைப்பழம் என்றால் ஏறக்குறைய 50 கிராம் வந்துவிடும். பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் எல்லாம் ஜெர்சிப் பையில் இருக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. வழியில் இட்லி கிடைத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். பூரியும் வடையும் எனக்கு ஒத்துக்கொண்டதில்லை, எண்ணெய் வயிற்றில் கிடந்து குமட்டும். ஜனவரி என்றாலும் 11 மணிக்கு மேல் ஈசிஆரில் வெயில் உறைக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள், உப்பும் உள்ளே போக வேண்டும். ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும், அதே அளவில் கலக்குங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் நான் இளநீரோடு உப்புப் போட்ட மோரும் குடிப்பேன். தலை சுற்றினாலோ, பேச்சுக் குழறினாலோ, வியர்வை நின்றுபோனாலோ அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். நிழலில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். ப்ரவே அடுத்த மாதமும் வரும்.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்றீர்கள். ஒரே ஒரு முறை 140, 150 கி.மீ. போய் வாருங்கள், அதுவும் 22-ல். உட்காரும் இடம், கழுத்து, உள்ளங்கை ஆகியவை ஆறு மணி நேரத்துக்கு மேல் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் அது. கால் வலியைவிட இவைதான் முதல் 200-ல் ஆளை அதிகம் நிறுத்துகின்றன. கடைசி வாரம் புதிதாக எதையும் மாற்றாதீர்கள். சீட், ஷூ, சாப்பாடு எல்லாம் பழகியதாகவே இருக்கட்டும்.

கடைசி 50 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 150 தாண்டியதும் மனம் சோர்ந்து போகும் ஒரு அரை மணி நேரம் எல்லோருக்கும் வரும், நிதானமாக ஓட்டியவருக்கும் வரும். அப்போது 50 இருக்கிறது என்று நினைக்காமல் அடுத்த ஊரை மட்டும் நினைப்பேன்: மகாபலிபுரம், கோவளம், உத்தண்டி. காலையில் சேமித்தது இங்கேதான் கைக்கு வரும். கோவளம் தாண்டியும் தெம்பு மிச்சம் இருந்தால் அப்போது 27-ல் ஓட்டுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? உத்தண்டிக்கு அப்புறம் மாலை நெரிசல் ஆரம்பித்துவிடும், அங்கே வேகத்தை மறந்துவிட்டுப் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். முடிவிடத்தில் கார்டைக் கொடுத்ததும் நேரம் எழுதியிருக்கிறார்களா, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் களைப்பில் மறந்துபோகும்.